போனில் சொன்ன கடவுச்சொல்

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும் "அடடா" என்பதோடு சரி. பஸ்ஸில் எவனாவது இவர் காலை மிதித்தால், மன்னிப்புக் கேட்பது இவராகத்தான் இருக்கும். "அத்தானை யாராவது திட்ட வச்சிட்டா அவங்களுக்கு நான் விருந்து வைக்கிறேன்" என்று என் தம்பி பந்தயமே கட்டியிருக்கிறான். எனக்கு அதில் ஏகப் பெருமை. யாரையும் முகத்துக்கு நேரே நோகடிக்காத மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமா நஞ்சமா? அந்த 'முகத்துக்கு நேரே' என்பதில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இவருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பிரிவு என்றதும் ஒரு மாடி முழுக்க ஆட்கள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட வேண்டாம். மருந்துக் கிடங்குக்கும் சலவை அறைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் இரண்டு நாற்காலி. ஒன்று இவருக்கு. இன்னொன்று இவரைவிட வயதில் சின்னவன் ஒருத்தனுக்கு. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பான், அதனால் எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயரே கண்ணாடி. கெட்டிக்காரன், ஆனால் வாய்த்துடுக்கு. அவன் வந்துவிட்டுப் போனால் என் மகள் ஒரு வாரத்துக்கு அவன் அடித்த ஜோக்கையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்த அறைக்குள் இன்னோர் அறை உண்டு. அங்கே ஏசி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், சர்வர் அங்கேதான் இருக்கிறது.

இருப்பது ஒரே சர்வர், ஆனால் அதற்குள் ஏகப்பட்ட சர்வர்கள் என்று இவர் முதன்முதலில் சொன்னபோது நான் திருதிருவென்று முழித்தேன்.

"அடுக்குமாடிக் கட்டடம்னு நினைச்சுக்கோ. கட்டடம் ஒண்ணுதான். உள்ள லேப் ரிசல்ட்டுக்கு ஒரு வீடு, ஸ்கேன் படத்துக்கு ஒரு வீடு, சம்பளக் கணக்குக்கு ஒரு வீடு. ஒவ்வொண்ணும் தான் தனி மெஷினுன்னு நினைச்சுக்கிட்டு வேலை பார்க்கும்."

"அப்ப நீங்கதான் அந்தக் கட்டடத்துக்கு ஓனரா?"

"பெருக்கித் துடைக்கிற ஆளு," என்றார்.

ஆனால் கடவுச்சொல் விஷயத்தில் மட்டும் மனுஷன் ஓனர்தான். என் போனுக்கு நான் நாலு ஒன்று வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு வகுப்பு எடுத்தார். மகள் தன் பிறந்த தேதியை வைத்ததற்கு அவளுக்குத் தனி வகுப்பு. யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும், ஆனால் நமக்கு மறக்கவும் கூடாது, அதுதான் நல்ல கடவுச்சொல் என்பார். அப்படி ஒன்று ஆபீஸில் வைத்திருப்பதாகவும் ஒருநாள் சொன்னார். என்ன அது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வெளிய சொல்றதில்ல," என்று சட்டென்று பேச்சை மாற்றிவிட்டார். என்ன ஒரு கட்டுப்பாடு என்று மெச்சிக்கொண்டேன்.

கரண்ட் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆஸ்பத்திரியின் எலெக்ட்ரீசியன். சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் சுருட்டிய வயர், எந்த வார்டில் விளக்கு மினுக்கினாலும் முதலில் போய் நிற்கிற ஆள். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணியபோது தன் லீவு நாளில் வந்து சரிபண்ணிக் கொடுத்தார். இவரைவிட மூத்தவர். இவரைத் தம்பி என்பார், என்னைத் தங்கச்சி என்பார்.

அவருக்குப் பேச்சு திக்கும். எல்லா எழுத்தும் இல்லை, வார்த்தையின் முதல் எழுத்தில்தான் பெரும்பாலும் தடுக்கும். அதிலும் 'வ' என்றால் ஒரேயடியாக முரண்டு பிடிக்கும். இருந்தும் காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால், வாசல் செக்யூரிட்டியில் தொடங்கிப் பெரிய டாக்டர் வரை ஒருவர் விடாமல் "வ-வ-வணக்கம்" சொல்லிக்கொண்டுதான் உள்ளே போவார். மோட்டார் சரிபண்ண வந்த அன்று என் வாய் சும்மா இருக்காமல், "எதுக்கு அண்ணே இவ்வளவு சிரமம், கையைத் தூக்கிக் காட்டினாப் போதாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"வி-விட்டுட்டா அது ஜெயிச்சிடும் தங்கச்சி. தி-தினமும் அதோட மல்லுக்கட்டணும்," என்றார்.

இவர் காலை உடைத்துக்கொண்டது ஆஸ்பத்திரியிலேயேதான். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் போனது. காலை உடைத்துக்கொள்ள இதைவிட வசதியான இடம் உலகத்திலேயே கிடையாது என்று கண்ணாடி கேலி பண்ணினான். கரண்ட் அண்ணன் கேலி பண்ணவில்லை. ஸ்ட்ரெச்சர் வரும் வரை பொறுக்காமல் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். மாவுக்கட்டுப் போட்டு முடியும் வரை கூடவே இருந்து, வீட்டுக்கும் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். லேப்டாப்புக்கு ப்ளக் எட்டாது என்று சுவரோரமாக ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, யார் காலும் தடுக்காதபடி அதை ஒட்டியும் விட்டுத்தான் கிளம்பினார்.

அதன்பின் இவர் ஆபீஸ் என் இஸ்திரி மேசைமேல் நடந்தது. வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கலாம், காலை நீட்டி உட்கார்ந்தாலும் இடிக்காது என்று அதைப் பிடித்துக்கொண்டார். நானும் மகளும் கசங்கிய துணியோடு ஊர் சுற்றினோம்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அதுவரை இவரும் கண்ணாடியும் அந்தப் பெரிய சர்வருக்குள் ஒரே ஆளாகத்தான் நுழைந்துகொண்டிருந்தார்கள். சர்வரோடு பிறந்த ஒரு நிர்வாகிப் பெயர், அதற்கு ஒரு பொதுக் கடவுச்சொல். உள்ளே போய் எதைச் செய்தது இவரா அவனா என்று பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. இனிமேல் அவரவர் சொந்தப் பெயரில்தான் நுழைய வேண்டும் என்றது உத்தரவு. ஊழியர்களின் பெயரும் அவரவர் கடவுச்சொல்லும் யார் எங்கே போகலாம் என்ற அனுமதியும் ஏற்கெனவே டைரக்டரி என்ற ஒன்றில் இருக்கின்றன. காலையில் எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டரைத் திறப்பது அதை வைத்துத்தான். அந்த டைரக்டரியோடு பெரிய சர்வரை இணைத்துவிட்டால், வாசலில் யார் வந்து நின்றாலும் சர்வர் டைரக்டரியைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கும்.

"வாட்ச்மேன் போட்டாச்சுன்னு சொல்லுங்க," என்றேன்.

"அதேதான்!" என்றார். நான் ஒரு தடவையில் புரிந்துகொண்டதில் அவருக்குச் சந்தோஷம்.

வேலை மூன்று. ஒன்று, இணைப்பது. இரண்டு, அந்தப் பழைய பொதுக் கடவுச்சொல் வெளியிலிருந்து செல்லாதபடி அடைப்பது, அதாவது அந்தக் குளிர் அறையில் மெஷின் முன்னால் நின்று தட்டினால் மட்டும்தான் செல்லும். மூன்று, அந்தக் கடவுச்சொல்லையே மாற்றி, புதியதை உறை போட்டு ஒட்டி சூப்பிரண்ட் அலமாரியில் வைப்பது.

முதல் வேலையே இவரைப் படாதபாடு படுத்தியது. இணைக்கப் போனால் டைரக்டரி முகம் கொடுத்துப் பேசவில்லை. பெயரைச் சரிபார்த்தார், முகவரியைச் சரிபார்த்தார், ஆறிப்போன காபியை அப்படியே குடித்தார். கடைசியில் பார்த்தால் சர்வரின் கடிகாரம் கொஞ்சம் பிந்தியிருந்ததாம். இருவர் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் டைரக்டரி யாரையும் நம்பாதாம். நேரத்தைச் சரிபண்ணியதும் இணைந்துவிட்டது. தன் சொந்தப் பெயரைத் தட்டி உள்ளே போனபோது சின்னப் பிள்ளை மாதிரி மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னப்பா இருக்கு? உங்க பேருதானே?" என்று போய்விட்டாள். இரண்டாவது வேலையையும் அன்றைக்கே முடித்தார்.

"மூணாவது?" என்று நான் கேட்டேன்.

"அது கிடக்கட்டும். கால் சரியாகி ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்ப பழசு அப்படியே இருக்குமே?"

"இருந்துட்டுப் போகட்டும். இனிமே அதை யார் தட்டப் போறா?"

அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. கால்வலி குறைந்ததால் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வேலை நாள் காலை. ஆஸ்பத்திரியில் பழைய மின்பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள் என்று முன்கூட்டியே ஏற்பாடு. இவர் வீட்டிலிருந்தபடியே உள்ளே இருந்த சர்வர்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, கடைசியில் பெரிய சர்வரையும் அணைத்தார். கரண்ட் அண்ணன் பலகையை மாட்டி முடித்து, சர்வரின் பொத்தானை அமுக்கிவிட்டு, "ஓ-ஓடுது தம்பி," என்று போன் பண்ணினார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கண்ணாடி லீவில், எங்கோ விமானத்தில் பறந்துகொண்டிருந்தான். நான் இவருக்கு எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இவர் தன் பெயரைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னங்க?"

"டைரக்டரி எழுந்திரிக்கல."

"எழுப்புங்க."

"எழுப்பணும்னா உள்ள போகணும். உள்ள போகணும்னா டைரக்டரி விடணும்." கையால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அதுவும் அதே கட்டடத்துக்குள்ளதான் குடியிருக்கு. நான் அதை யோசிக்கவே இல்ல."

வாட்ச்மேன் உள்ளே தூங்குகிறான், கதவு வெளியே பூட்டியிருக்கிறது. பெரிய சர்வர் எழுந்ததும் உள்ளே இருப்பவை தாமாகவே எழும்படி ஓர் ஏற்பாடு உண்டாம். அதையும் இவர் செய்யாமல் விட்டிருந்தார். நான் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுப்பதற்குள் என் போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ். இவர் லைன் கிடைக்காமல் என் எண்ணுக்கு அடித்திருக்கிறார். ஒரு சின்னப் பெண்ணைத் தியேட்டருக்குள் கொண்டுவந்தாயிற்று, டாக்டர் கேட்கிற ஸ்கேன் படம் திறக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்றார். போனை இவரிடம் நீட்டினேன். "இதோ, இப்ப சரியாகிடும்," என்று சொல்லிவிட்டு இவர் கரண்ட் அண்ணனைக் கூப்பிட்டார். இஸ்திரி மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, இன்னும் சர்வர் ரூம்லதான் இருக்கீங்களா?"

"ஆ-ஆமா தம்பி. சொல்லுங்க."

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாராவது அந்த மெஷின் முன்னால் நின்று பழைய பொதுக் கடவுச்சொல்லைத் தட்டி, திரையில் வருகிற பட்டியலில் அந்த அடைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு இவர் வீட்டிலிருந்தே நுழைந்துகொள்வார். ஆள் அங்கேயே நிற்கிறார், போனிலும் இருக்கிறார். ஆனால் இவர் கேட்டது வேறு.

"அங்க வேற யாராவது இருக்காங்களா, அண்ணே?"

"இ-இல்லையே. நான் மட்டும்தான்."

"செக்யூரிட்டி?"

"அவன் லி-லிஃப்ட் கிட்ட நிக்கிறான். கூட்டம்."

"சலவை ரூம்ல, மருந்துக் கிடங்குல யாரும்..."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, அண்ணன்தான் இருக்காரே! அவர்கிட்ட சொன்னா என்ன? தெரிஞ்சிட்டா அப்புறம் மாத்திக்கோங்களேன்." கடவுச்சொல்லை வெளியே சொல்லக் கூடாது என்கிற பழைய பிடிவாதம் என்றுதான் நான் நினைத்தேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் அது இல்லை. மேலுதடெல்லாம் வியர்த்திருந்தது. என் போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது, தியேட்டர் நம்பர்.

"அண்ணே," என்றார் இவர். "ஒரு பாஸ்வேர்டு சொல்றேன். அது மெஷினே போட்டுக் கொடுத்தது. அர்த்தம் ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், அப்படியே அடிங்க. சேர்த்துப் படிக்காதீங்க."

"ச-சரி தம்பி. தட்டினா எ-எழுத்தே தெரியாதே, வெறும் புள்ளிதானே வருது."

"முதல் எழுத்து மட்டும் பெருசு. வீ."

"வீ. வீ-வீ. அடிச்சிட்டேன்."

"ஏ. மறுபடி வீ. மறுபடி ஏ."

கரண்ட் அண்ணன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டு, விசையைத் தேடித் தேடித் தட்டினார். 'வீ' அவருக்குத் தடுக்கியது. இவர் மூன்றாவது 'வீ' சொன்னார், 'ஏ' சொன்னார், 'என்' சொன்னார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என்னையறியாமல் அந்த எழுத்துகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏ, கே, கே. என் கத்தி நின்றுவிட்டது. அது மெஷின் போட்டுக் கொடுத்தது இல்லை. தினமும் காலையில் அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற ஒரு குரல் அது. தடுக்கிய இடத்தில் தடுக்கியபடியே எழுதி வைத்திருந்தார்கள்.

இவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏ. எம். கடைசியில ஒண்ணு. அவ்வளவுதான்," என்று முடித்தார்.

"அ-அமுக்கிட்டேன். தப்புங்குது."

"தப்பா?"

"ஆமா," என்ற கரண்ட் அண்ணன் கேட்டார்: "தம்பி, அந்த வீ எத்தனை வா-வாட்டி? இன்னொண்ணு இருக்கா, இல்ல நான் தி-திக்கினதா?"

அந்தக் கேள்வியை அவர் வெகு சாதாரணமாகத்தான் கேட்டார். வேலை சரியாக நடக்க வேண்டுமே என்ற கவலையில் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணு வாட்டி, அண்ணே. வீ ஏ, வீ ஏ, வீ ஏ. அது மூணு வாட்டி வரணும்."

ஏசியின் இரைச்சல் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று இவர் போன் பக்கமாகக் குனிந்தார்.

"அடுத்து என்..." என்று தொடங்கினார்.

"இ-இருங்க. மீதியை நானே போட்டுக்கிறேன்."

விசைகள் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இந்தத் தடவை அவர் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எதையும் தேடவும் இல்லை. கடைசி விசை விழுந்ததும், "திறந்திடுச்சு," என்றார். பிறகு, "மெ-மெஷின் நல்லாத்தான் போட்டுக் கொடுத்திருக்கு," என்றார்.

இவர் ஸ்பீக்கரை நிறுத்தப் போய், கையை எடுத்துக்கொண்டார்.

"அடுத்து என்ன பண்ணணும், சார்?" என்றார் கரண்ட் அண்ணன்.

தம்பி என்கிற வார்த்தை அத்தோடு போயிற்று. இவர் சொல்லச் சொல்ல, அவர் பட்டியலில் இறங்கி, அடைப்பை எடுத்துவிட்டு, "வே-வேற ஏதாவது, சார்?" என்று கேட்டு, இல்லை என்றதும் போனை வைத்தார். இவர் வீட்டிலிருந்து நுழைந்து டைரக்டரியை எழுப்பினார், ஸ்கேன் சர்வரை எழுப்பினார், மற்றவற்றையும் எழுப்பினார். படம் வந்துவிட்டது, அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பிறகு நர்ஸ் சொன்னார். அதற்கு மட்டும் நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

"யார் வச்சது?" என்று கேட்டேன்.

"கண்ணாடி. சர்வர் வாங்கின புதுசுல. மறக்காம இருக்கணும், யாரும் ஊகிக்கவும் கூடாதுன்னு... சும்மா விளையாட்டுக்கு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சிரிச்சேன்."

"தினமும் அதைத்தான் தட்டினீங்களா?"

"ம்."

"நம்ம வீட்டு மோட்டார் சரிபண்ணிக் கொடுத்துட்டுப் போனாரே, அதுக்கப்புறமும்?"

"ம்."

"முதுகுல சுமந்துக்கிட்டு ஓடினாரே, அதுக்கப்புறமும்?"

சுவரோரமாக ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்ச நஞ்சமாகத் திட்டவில்லை. ஜாடைமாடையாக இல்லை, நேராகவே திட்டினேன். ஒருத்தரைத் திட்டித் தீர்க்கிறவளைவிட, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தினமும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருப்பவன் எந்த விதத்தில் நல்லவன் என்று கேட்டேன். "அடடா" என்றுகூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பீன்ஸ் தட்டு பறந்திருக்கும்.

அதிலிருந்து இவர் கரண்ட் அண்ணனுக்குப் போன் பண்ணாத நாள் இல்லை, அவர் எடுத்த நாளும் இல்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக எதையோ எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். ஊருக்கெல்லாம் கடவுச்சொல் பாடம் எடுத்த வாய்க்கு 'மன்னிச்சிடுங்க' என்று ஒரு வார்த்தை தட்டத் தெரியவில்லை. மூன்றாவது வேலையை மட்டும் வீட்டிலிருந்தே முடித்தார். அந்தப் பழையதைக் கடைசியாக ஒரு தடவை தட்டித்தான் புதியது வைக்க வேண்டியிருந்தது. தட்டும்போது திரைக்கு முன்னால் கையை மறைத்துக்கொண்டார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மாவுக்கட்டுப் பிரிக்கிற அன்று ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். கட்டைப் பிரித்ததும், வெளுத்துச் சுருங்கிப்போன காலை வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி நேராகக் கீழ்த்தளத்து மின்சார அறைக்குத்தான் போனார். கரண்ட் அண்ணன் ஏணிமேல் நின்று ஒரு ட்யூப் லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு நிதானமாக இறங்கி வந்தார்.

"கா-கால் பரவாயில்லையா, சார்?"

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க," என்றார் இவர். "கண்ணாடிதான் முதல்ல..." என்று இழுத்தார். என் தோளில் இருந்த இவர் கையை நான் அழுத்திக் கிள்ளினேன். "இல்ல. நானும்தான். நானும் சேர்ந்துதான் அண்ணே."

கரண்ட் அண்ணன் கையிலிருந்த ட்யூப் லைட்டைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அ-அடிக்கிறப்ப சிரிப்பு வருமா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"முதல்ல வந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு. உங்களை நினைச்சே பார்க்கல, அண்ணே. வெறும் எழுத்தா போயிடுச்சு."

"ஓ," என்றார் கரண்ட் அண்ணன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. எலெக்ட்ரீசியன்கள் பெயர் எதுவும் டைரக்டரியில் இல்லையாம், கம்ப்யூட்டர் தொடாதவர்களுக்கு எதற்கு என்று யாருமே சேர்க்கவில்லையாம். இப்போது அண்ணன் பெயரைச் சேர்த்துவிட்டதாகவும், சர்வருக்குள் போக அனுமதியும் வாங்கிவிட்டதாகவும், கடவுச்சொல்லை அண்ணனே வைத்துக்கொள்ளலாம், அது தனக்குக்கூடத் தெரியாது என்றும் படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். மறுபடி டைரக்டரி தூங்கிப்போனால் அந்தப் பெயரும் செல்லாது என்று எனக்கே தெரிகிறது, இவருக்குத் தெரியாதா? எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தார், இவரிடம் கொடுப்பதற்கு இருந்தது அதுதான்.

"எ-எனக்கு எதுக்கு சார் அது? நான் கரண்டு பார்க்கிறவன்," என்று சொல்லிவிட்டு, அவர் ட்யூப் லைட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு வெளியே வந்தார். அடுத்த வார்டுக்குப் போக வேண்டுமாம்.

லிஃப்ட் வாசலில் மூன்று பேரும் நின்றோம். எதிரே ஒரு டாக்டர் அவசரமாக வந்தார். கரண்ட் அண்ணன் கழுத்து நரம்பு புடைக்க, "வ-வ-வணக்கம் டாக்டர்," என்றார். டாக்டர் தலையசைத்துவிட்டுப் போனார். எனக்கு மனசு லேசானது. நல்லவேளை, மனுஷன் அதை விட்டுவிடவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் இவரும் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

லிஃப்ட் வந்தது. நாங்கள் உள்ளே ஏறித் திரும்பி நின்றோம். கரண்ட் அண்ணன் என்னைப் பார்த்து, "வ-வ-வணக்கம் தங்கச்சி. பா-பாப்பாவைக் கேட்டேன்னு சொல்லுங்க," என்றார். ஒரு எழுத்து குறையாமல் முழுசாகச் சொன்னார். பதிலுக்கு நான் கையைக் கூப்பினேன்.

"வணக்கம் அண்ணே," என்றார் இவர். முந்திக்கொண்டுதான் சொன்னார்.

கதவு மூடத் தொடங்கியிருந்தது. கரண்ட் அண்ணன் இவரைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

கையைத் தூக்கிக் காட்டினால் போதாதா என்று அவரிடம் ஒருநாள் கேட்டவள் நான்தான்.